வடமேற்கில் வந்த விருந்தாளி

பாங் மெங்குக்கு உயரம் என்றால் ஆகாது. முக்காலியில் ஏறி விளக்கைத் துடைக்கச் சொன்னால் போதும், கண் இருட்டிக்கொண்டு வந்துவிடும். வீட்டுக் கூரையில் ஓடு நழுவினால் அவன் மனைவி ஜியாதான் சேலைத் தலைப்பைச் செருகுகிற வேகத்தில் அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு மேலே ஏறுவாள். அவன் கீழே நின்று, அண்ணாந்து பார்க்கவும் பயந்து, தரையைப் பார்த்தபடி “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டிருப்பான். இப்பேர்ப்பட்ட ஆளுக்கு வாய்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? தலைநகரத்தின் உயரமான மேடையில் ஏறி நின்று ராத்திரி பூராவும் வானத்தைப் பார்ப்பது.

வாய்த்தது என்றால், அவன் கேட்டு வாங்கவில்லை. தாத்தா வானம் பார்த்தார், அப்பா வானம் பார்த்தார், அதனால் பிள்ளையும் பார்த்தே தீர வேண்டும் என்பது அப்போது சீனத்தை ஆண்ட சோங் ராஜாங்கத்துச் சட்டம். வானத்து ரகசியம் தெரிந்த குடும்பத்தை வேறு வேலைக்கு விட்டால் யாரிடமாவது போய் உளறிவிடுமாம். பாங் மெங்குக்குத் தெரிந்த வானத்து ரகசியங்களை ஒரு எள்ளின் முதுகில் எழுதிவிடலாம். அதற்குப் பிறகும் எள்ளில் இடம் மிச்சம் இருக்கும்.

அவன் பெயர் எந்தச் சரித்திரத்திலும் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் நான் அவனைப் பற்றி இஷ்டத்துக்குச் சொல்கிறேன். நாங்கள் கைஃபெங்காரர்கள், அந்தப் பழைய தலைநகரத்து ஆட்கள். இல்லாத ஆளைப் பற்றிப் பேசச் சொன்னால் எங்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஊரில் அப்போது வானம் பார்க்கும் மேடைகள் இரண்டு இருந்தன. ஒன்று நகரத்தில், இன்னொன்று அரண்மனைக்குள்ளே. ஒருவன் பொய் சொன்னால் இன்னொருவன் சீட்டில் அது பிடிபட்டுவிட வேண்டும் என்று யாரோ மகா புத்திசாலி செய்த ஏற்பாடு. இரண்டு மேடைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பேசாமல், தனித்தனியாக எழுதி அனுப்ப வேண்டும். விடியலில் அரண்மனைக் கதவு திறந்ததும் கதவு அதிகாரி இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பொருந்தினால் வானம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நடந்தது என்னவென்றால், பாங் மெங்கும் அரண்மனை மேடைக்காரனான யின் ஷௌவும் தினமும் சாயங்காலம் துவான் அக்காவின் நூடுல்ஸ் கடையில் சந்தித்தார்கள். ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, ஆட்டுச் சாற்றில் ஊறின நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே, அன்றைய இரவு வானம் எப்படி இருக்கப்போகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். எந்தக் கிரகம் எங்கே என்பதற்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. மற்றபடி “விசேஷம் ஒன்றுமில்லை” என்று எழுதிவிட்டு இருவரும் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

கடையில் அவர்கள் வாயைத் திறந்து பேசுவதும் இல்லை. வானத்து விவகாரத்தை வெளியில் பேசினால் சிறை. ஆகையால் அவர்களுக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார்கள். எள் ரொட்டியை மேஜையில் வைத்தால் அது ஒரு பெரிய விண்மீன். அவித்த சோயாப் பயறு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அது கிரகம். மேஜையின் எதிர் ஓரம் வடக்கு, மடியை ஒட்டிய ஓரம் தெற்கு, வலது கைப்பக்கம் கிழக்கு. முடிந்ததும் வானத்தைத் தின்றுவிடுவார்கள்.

ஒரு முறை “வானம் துல்லியமாகத் தெளிந்திருந்தது, செவ்வாய் நன்றாகத் தெரிந்தது” என்று இருவரும் எழுதிக் கொடுத்த இரவில் அடைமழை கொட்டித் தீர்த்தது. கதவு அதிகாரி முழங்கால்வரை நனைந்து, தாடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட இரண்டு சீட்டையும் ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. முத்திரை குத்தி உள்ளே அனுப்பிவிட்டார். அரசாங்கத்தைப் பொறுத்தவரை தப்பு மழையின் பேரில்தான்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தக் கோடையில் மண் விழுந்தது.

ஜியா காலையில் கூரை மேல் பூசணிக்கொடியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவள், “இந்தாய்யா, இங்க வா! சூரியன் வந்தப்புறமும் ஒரு வெள்ளி மின்னுது” என்று கத்தினாள்.

“கீழே இருந்தே தெரியுதா?” என்றான் பாங் மெங்.

“ஊருக்கே தெரியுது. உனக்குத்தான் கழுத்து நிமிராதே.”

நிமிர்ந்து பார்த்தான். நீல வானத்தில், பட்டப்பகலில், ஒரு வெள்ளை முள் குத்திக்கொண்டு நின்றது. தெருவில் வாத்துக் கூடைக்காரன் கூடையை இறக்கிவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தான். பல் பிடுங்குகிறவன் ஒருத்தன் வாயில் குறடை வைத்தபடியே மேலே பார்த்தான். பல் வலிக்காரனும் சேர்ந்து பார்த்தான். விருந்தாளி விண்மீன். இல்லாத இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காருகிற விண்மீனை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அன்று விடியற்காலைதான் இரண்டு மேடைகளிலிருந்தும் “விசேஷம் ஒன்றுமில்லை” என்று சீட்டு போயிருந்தது. இரண்டும் அருமையாகப் பொருந்தியிருந்தன.

மதியத்துக்குள் மேடைத் தலைவர் தெங் ஆளனுப்பிவிட்டார். தெங் கோபப்பட்டால் காது மட்டும் சிவக்கும். அன்று இரண்டு காதும் பழுக்கக் காய்ந்த சட்டி மாதிரி இருந்தன.

“யோவ் பாங்! ஊர்ல இருக்கிற வாத்துக்குக்கூட அது தெரியுது. உன் சீட்டுல ஏன்யா இல்ல?”

“ஐயா, அது... ராத்திரி கொஞ்சம் மேகமா...”

“மேகம்னு எழுதினியா? தெளிவுன்னு எழுதியிருக்கே! கேளு. நாளைக்கு விடியறதுக்குள்ள அது எந்த விண்மீனுக்குப் பக்கத்துல, எந்தத் திசையில இருக்குன்னு சரியா பாத்துச் சொல்லணும். சக்கரவர்த்தி கேக்கறார். சரியா சொன்னேன்னா உன்னைப் பஞ்சாங்கப் பிரிவுக்கு மாத்திடறேன்.”

பஞ்சாங்கப் பிரிவு! அது தரைத்தளத்தில் இருந்தது. வாசலுக்குக்கூட ஒரு படி கிடையாது. செம்பருத்திச் செடியைப் பார்த்தபடி மேஜை போட்டிருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பாங் மெங் அந்தச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து ஏங்கியிருக்கிறான்.

“தப்பா சொன்னேன்னா,” என்றார் தெங், “முதுகுல தோல் இருக்காது. அப்புறம் எல்லைக் காவலுக்கு. அங்க மலை. எல்லாம் மலை.”

சாயங்காலம் யின் ஷௌ பெஞ்சில் உருகிய வெண்ணெய் மாதிரி உட்கார்ந்திருந்தான். நல்ல பருமன், நல்ல மனசு, பயந்த சுபாவம். பயம் வந்தால் சிரிப்பான். அதனால் அவனை எல்லோரும் சந்தோஷமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, நீ பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு” என்றான், கிக்கிக்கென்று சிரித்துக்கொண்டே.

“ஏன், உன் மேடைக்கு என்ன கேடு?”

“எங்க மேடைக் கதவுச் சாவி தொலைஞ்சு பல வருஷம் ஆச்சுண்ணே. இப்பப் போய்க் கேட்டா, இத்தனை நாள் எப்படி ஏறினேன்னு கேப்பாங்க.”

வேறு வழியில்லை. பகலில் விருந்தாளி மட்டும்தான் தெரியும், அக்கம்பக்கத்து விண்மீன்கள் தெரியாது. அவை தெரிகிற இருட்டில் விருந்தாளி கிழக்கில் தாழ்வாக இருக்கும், கோட்டைச் சுவரும் கூரைகளும் மறைத்துவிடும். ஏறித்தான் ஆக வேண்டும்.

விடியலுக்கு முன்னால் ஜியா ஒரு நீளமான இடுப்புப் பட்டையை எடுத்து, ஒரு நுனியை அவன் இடுப்பிலும் மறு நுனியைத் தன் இடுப்பிலும் இறுக்கிக் கட்டினாள். பெண்கள் மேடையில் ஏறக்கூடாது என்பது விதி. ஆண்களே ஏறாத மேடையில் அந்த விதியைக் காப்பாற்ற யார் இருந்தார்கள்? பாதி வழியில் புறாக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. ஜியா முன்னால் ஏறி இழுக்க, பாங் மெங் கண்ணை மூடிக்கொண்டு நாலு காலில் பின்னால் வந்தான்.

“எவ்ளோ தூரம் வந்திருக்கோம்?”

“பாதி.”

“இறங்கிடலாமா?”

“இறங்கறதுக்கும் இதே பாதிதான்யா. வா!”

உச்சிக்கு வந்ததும் அவன் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, வானத்தை அளக்கிற பித்தளைக் கோளத்தைத் தாங்கி நின்ற டிராகன் சிலையின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். படுத்த பிறகு ஒரு விசித்திரம் தெரிந்தது. முதுகுக்குக் கீழே கல் இருந்தது. உயரம் எங்கேயோ போய்விட்டது. மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.

அவன் வாழ்நாளில் அவ்வளவு வானத்தைப் பார்த்ததில்லை. சீட்டில் எழுதின பெயர்கள் எல்லாம் மேலே அந்தந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தன. கார்த்திகைக் கூட்டம் இருந்தது, ரோகிணி சிவந்திருந்தது. ‘வானவாயில்’ என்று அவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவந்த விண்மீன் நிஜமாகவே அங்கே இருந்தது. அதற்குக் கொஞ்சம் வடமேற்கே, ரொட்டிக்குப் பக்கத்தில் பயறு வைத்த மாதிரி அடக்கமாக இல்லாமல், பொழுது விடிவதற்குள் எல்லோரையும் எழுப்பிவிடுகிற மாதிரி விருந்தாளி எரிந்துகொண்டிருந்தது. நாலு பக்கமும் கதிர் விட்டிருந்தது. பாங் மெங்குக்கு அழுகை வந்துவிட்டது.

“என்னய்யா, மயக்கமா?”

“இல்ல ஜியா. இதெல்லாம் உண்மைடி. நான் என்னமோ நாமளா எழுதறோம்னு நினைச்சுட்டேன்.”

ஜியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “வடமேற்குதானே?” என்று கேட்டான். “வடமேற்கேதான்” என்றாள். இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த முதல் சீட்டு, அந்த மேடையின் வரலாற்றில் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இறங்கிய பிறகு பட்டை அவிழவில்லை. அவன் வியர்வையிலும் பனியிலும் நனைந்து முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. பட்டையை அறுக்க ஜியா சம்மதிக்கவில்லை, அது அவள் கல்யாணப் பட்டை. நேரமும் இல்லை. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கயிற்றில் கட்டின இரண்டு வாத்துகளாகத் துவான் அக்கா கடைக்குள் நுழைந்தார்கள். விருந்தாளியைப் பார்க்க முன்கூட்டியே எழுந்த கூட்டம் கடையில் நெரிந்தது.

பாங் மெங் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தான். கட்டியிருந்தபடியால் ஜியாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். யின் ஷௌவின் இடம் போய்விட்டது. அவன் வந்து எதிர்ப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். மூன்று பேருக்கும் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை.

சுற்றிலும் காதுகள். பாங் மெங் எள் ரொட்டியை நடுவில் வைத்தான். சோயாப் பயறு ஒன்றை எடுத்து, ரொட்டிக்கு அந்தப் பக்கம், இடது ஓரமாக, மிகுந்த மரியாதையோடு வைத்தான். யின் ஷௌ பயறைப் பார்த்தான், தலையாட்டினான், பயறை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கிக்கிக்கென்று சிரித்தபடி ஓடினான். அரண்மனை மேடைச் சீட்டு உள்ளேயே போகிறது, பெரிய கதவு திறப்பதற்கு முன்னால் காய்கறி வண்டி போகிற பின்வாசல் வழியாக நுழைந்துவிட வேண்டும், ஆகவே அவனுக்கு அவசரம்.

பாங் மெங் தன் சீட்டைக் கடையிலேயே எழுதினான். “வானவாயிலுக்கு வடமேற்கே.” அவன் கண்ணால் பார்த்து எழுதின முதல் வரி அது. மனசுக்குள் செம்பருத்திச் செடி பூத்துவிட்டது.

அரண்மனைக் கதவு இன்னும் திறக்கவில்லை. இரண்டு கதவுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதில் ஒரு கண்ணும் கால்வாசிச் சிரிப்பும் தெரிந்தன.

“அண்ணே, வந்துட்டியா? என் சீட்டு அதிகாரி கைக்குப் போயாச்சு. தென்கிழக்குன்னு தடியா எழுதிட்டேன்.”

“என்ன கிழக்கு?”

“தென்கிழக்கு.”

“வடமேற்குடா பாவி!”

“பயறு என் பக்கம்தானே இருந்துச்சு? என் பக்கம் தெற்கு. வலது கையோரமா இருந்துச்சு. வலது கை கிழக்கு.”

“அது உன் வலது கைடா! எனக்கு அது எதிர்ப்பக்கம், இடது கை!”

ஜியா தலையில் அடித்துக்கொண்டாள். “ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்து வானத்தையே தலைகீழா கவுத்துட்டீங்களேய்யா!”

கதவுக்குப் பின்னால் சிரிப்பு பலமாகக் கேட்டது. அப்படியானால் யின் ஷௌ பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். சீட்டுகள் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். மறுநாள் அதிகாரி மூன்றாம் ஆளை மேடைக்கு அனுப்பிப் பார்ப்பார். பாங் மெங் எழுதினது சரி என்று தெரியும். அவனுக்குத் தரைத்தளம், செம்பருத்தி, விருந்தாளியைச் சரியாகப் பார்த்தவன் என்ற பெயர். யின் ஷௌவுக்குப் பிரம்பு, அப்புறம் மலை.

சிரிப்பு நின்றது. இடைவெளியில் கண் மட்டும் தெரிந்தது.

“அண்ணே, மாத்தாதே. வடமேற்குன்னே குடு. நீ நிஜமா ஏறினே. முக்காலி ஏறாதவன் அத்தனை உயரம் ஏறிப் பாத்தே. அது உன்னோடது.”

பாங் மெங் இடைவெளிக்குக் கிட்டே போனான்.

“ஆனா அண்ணே... பிரம்படி ரொம்ப வலிக்குமோ?”

உள்ளே தாழ்ப்பாள் நகர்த்துகிற சத்தம் கேட்டது. பாங் மெங் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். இத்தனை வருஷம் பொய்யை எழுதி ஒரு நாளும் மனசு வலித்ததில்லை. இன்று ஒரே ஒரு நிஜத்தை வைத்துக்கொண்டு அதை அழிக்க வேண்டும் என்றதும் கை வரவில்லை. விருந்தாளியின் மேல் அவனுக்குக் கோபம்கூட வந்தது. வந்ததுதான் வந்தது, இவ்வளவு அழகாக வந்திருக்க வேண்டாம்.

“ஜியா, திரும்பி நில்லு” என்றான்.

அங்கிக்குள்ளிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து அவள் முதுகில் வைத்து, தூரிகையை எச்சிலில் தொட்டு, மைக்கல்லில் தேய்த்து எழுதத் தொடங்கினான். தூரிகை நெளிய நெளிய அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. “சீக்கிரம்யா... அய்யோ... கிழக்கு எழுதறப்ப விலாவுல போகுது!” என்று துள்ளினாள். அதனால் ‘கிழக்கு’ மட்டும் நிலநடுக்கத்தில் எழுதினது போலிருந்தது. கதவு திறந்தது.

அதிகாரி இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வானவாயிலுக்குத் தென்கிழக்கே. வானவாயிலுக்குத் தென்கிழக்கே. “பொருந்துது” என்றார். பிறகு பட்டையைப் பார்த்து, “இது என்ன?” என்று கேட்டார்.

“சம்சாரம்ங்க” என்றான் பாங் மெங்.

பொருந்தின சீட்டுக்கு யாரும் பரிசு தருவதில்லை. அது தினசரி வேலை. தரைத்தளம் தெங்கின் மைத்துனனுக்குப் போயிற்று. விருந்தாளியின் நிறத்தில் மஞ்சள் சாயல் இருக்கிறது, மஞ்சள் சக்கரவர்த்தியின் நிறம், ஆகவே நாட்டுக்கு நல்லது என்று அரண்மனையில் யாரோ சொல்லி அங்கே இருந்த எல்லோரும் பட்டுத் துணி பரிசு வாங்கிக்கொண்டார்கள். தெங் மட்டும் ஒரு நாள் ஆசையாக மேடை ஏறிப் பார்த்துவிட்டு, விருந்தாளி வடமேற்கில் தெரிவதைக் கண்டு பயந்துபோனார். இரண்டு சீட்டும் தென்கிழக்கு என்று சொல்லும்போது அவர் கண்ணுக்கு மட்டும் வடமேற்கு தெரிந்தால் கோளாறு எங்கே? கண் வைத்தியரிடம் போய் மாசக்கணக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார்.

பாங் மெங்கும் யின் ஷௌவும் கடைசிவரை சிநேகிதர்களாக இருந்தார்கள். யின் ஷௌ ஒரு நாளும் நன்றி என்று சொல்லவில்லை, எள் ரொட்டியைப் பிய்க்கும்போது பெரிய பாதியை அவன் பக்கம் தள்ளுவான். பாங் மெங்குக்கு உயரத்துப் பயமும் போகவில்லை. ஆனால் வானம் தெளிந்திருக்கிற இரவுகளில் பட்டையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நாலு காலில் ஏறி, டிராகன் காலைப் பிடித்தபடி மல்லாக்கப் படுத்துக்கொள்வான். பகலில் தெரிந்த விருந்தாளி பகலில் தெரியாமல் போயிற்று. பிறகு ராத்திரியிலும் மங்கிக்கொண்டே வந்தது. பெரிய மனிதர்கள் மறந்துபோன பிறகும் அவன் போய்ப் பார்த்தான். ஒரு நாள் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அன்று மேடையிலேயே ஜியா கேட்டாள். “பின்னாடி யாராச்சும் நம்ம சீட்டைப் படிச்சுட்டுத் தேடினா, தென்கிழக்குல தேடுவாங்களே. அங்க ஒண்ணும் இருக்காது. நீ பொய் சொன்னேன்னு நினைப்பாங்க.”

“நினைச்சுக்கட்டும்” என்றான் பாங் மெங். “யின் ஷௌ முதுகு நல்லாயிருக்குல்ல.”

எங்கள் பழைய ஊர் இப்போது மஞ்சள் நதியின் வண்டலுக்குள் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது. நாங்கள் அதன் தலைமேல் வேறு ஊர் கட்டிக்கொண்டு நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருக்கிறோம். வானியல்காரர்கள் தொலைநோக்கி வைத்துப் பார்த்து, வானவாயில் பக்கத்தில் வெடித்துச் சிதறின ஒரு விண்மீனின் புகையைக் கண்டுபிடித்தார்கள். நண்டு நெபுலா என்று பெயர். அது விரிகிற வேகத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் சோங் காலத்து விருந்தாளியில் போய் நிற்கிறது. உள்ளே விண்மீனின் மிச்சம் ஒரு நொடிக்கு முப்பது சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறதாம், கேட்டால் பாங் மெங்குக்கு மயக்கம் வந்திருக்கும். எல்லாம் பொருந்துகிறது, பழைய ஏடுகள் சொல்லும் திசை மட்டும் பொருந்தவில்லை. படியெடுத்தவன் பிழையா, அளந்தவன் பிழையா என்று படித்தவர்கள் கட்டுரை மேல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் எழுதினவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. தென்கிழக்கில் எதுவும் இல்லை என்று கண்டதும், ஏதோ நடந்திருக்கிறது, பாவம், என்று சொல்லிவிட்டு வடமேற்கே பார்த்தார்கள். அவன் பார்த்த இடத்தில் அது இருந்தது.